ஒரு துப்பாக்கி, மூன்று குழல்கள்

ஒரு ரைஃபிள் வாங்கினால் போதும், குழலை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் அதுவே வேறொரு ரைஃபிள் ஆகிவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துப்பாக்கிக் கடைகளில் இப்படிச் சொல்லி விற்கப்படும் ரகங்கள் உண்டு. பெரும்பாலும் .22 வகையைச் சேர்ந்த சிறு ரைஃபிள்கள். கேட்பவருக்கு உடனே இரண்டு சந்தேகங்கள் வரும். கழற்றி மாட்டுகிற குழல் உறுதியாக நிற்குமா? நின்றாலும் இந்த ஏற்பாடு அன்றாடத்தில் உண்மையிலேயே உதவுமா? முதல் சந்தேகத்துக்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. இரண்டாவதற்கு, யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். டீயை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள், அடிப்படையிலிருந்து வருவோம்.

நம்மில் பலர் கையில் எடுத்த முதல் துப்பாக்கி .22 ஆகத்தான் இருக்கும். என்.சி.சி. முகாமில் தரையில் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டிருப்பீர்கள். முடிந்ததும் ஹவில்தார் அட்டையைப் பார்ப்பார். நடுப்புள்ளியில் எத்தனை பட்டது என்பதைவிட, ஐந்து துளைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதைத்தான் முதலில் அளப்பார். அதுதான் குரூப்பிங். துளைகள் நெருங்கி விழுந்திருந்தால், அவை அட்டையின் மூலையில் இருந்தாலும் கவலையில்லை. சைட்டைத் திருத்தி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறி விழுந்திருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. குரூப்பின் அளவு ஒன்று, குரூப் விழும் இடம் வேறொன்று. குழல் மாற்றும் ரைஃபிள்களைப் பற்றிய வாதங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. ஆகவே இந்தப் பாடத்தை மறக்காமல் மேலே போவோம்.

முதலில் தோட்டா. பெரிய ரைஃபிள்களில் பயன்படும் சென்டர்ஃபயர் தோட்டாவின் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு பிரைமர் செருகப்பட்டிருக்கும். ரிம்ஃபயரில் அது கிடையாது. பித்தளைக் கேஸின் அடியில் புடைத்து நிற்கும் விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து இருக்கும். சுடுபின் அந்த விளிம்பை நசுக்கும், மருந்து பற்றும். விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தம் தாங்காது. அதனால் ரிம்ஃபயர் தோட்டாக்கள் எல்லாமே குறைந்த அழுத்தத்தில் வேலை செய்பவை. அமெரிக்கத் தொழில்தரப்படி .22 எல்.ஆர்., .22 மேக்னம் இரண்டுக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. .17 ஹெச்.எம்.ஆருக்கு 26,000. பெரிய சென்டர்ஃபயர் ரைஃபிள் தோட்டாக்களில் இது 60,000-ஐத் தாண்டும். ஆகவே ஒரு ரிம்ஃபயர் குழலை இரண்டு சிறு திருகுகளில் நிறுத்துவது ஆபத்தான காரியம் இல்லை.

விளிம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. குழலின் பின்முகத்துக்கும், அதைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே விளிம்பு உட்காரும் இடைவெளி, .22 எல்.ஆரில் ஏறக்குறைய 1.1 மி.மீ. இருக்கும். அது கூடிப்போனால் சுடுபின்னின் அடி பலம் குறைந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். குறைந்துபோனால் போல்ட் மூடாது. குழலைக் கழற்றி மாட்டும்போது ஒவ்வொரு முறையும் இந்த இடைவெளி மாறாமல் வர வேண்டும். நம்பகத்தன்மை என்ற கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது.

இந்தத் தோட்டாக்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. .22 ஷார்ட் 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதல் ரிவால்வருடன் வந்தது. இன்று உலகம் முழுக்கச் சுடப்படும் .22 லாங் ரைஃபிள், சுருக்கமாக எல்.ஆர்., 1887-இல் வந்தது. 1959-இல் வின்செஸ்டர் .22 மேக்னத்தைக் கொண்டுவந்தது. 2002-இல் ஹார்னடி நிறுவனம் அந்த மேக்னத்தின் கேஸையே எடுத்து, கழுத்தை மட்டும் குறுக்கி, 4.4 மி.மீ. விட்டமுள்ள சிறிய குண்டைப் பொருத்தியது. அதுதான் .17 ஹெச்.எம்.ஆர்.

இவற்றின் அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழல் மாற்றும் யோசனை எங்கிருந்து வந்தது என்று புரியும். எல்.ஆரின் விளிம்பு விட்டம் ஏறக்குறைய 7.1 மி.மீ., மேக்னத்துக்கு 7.5. அரை மி.மீ.கூட வித்தியாசம் இல்லை. அதே போல்ட், அதே எக்ஸ்ட்ராக்டர் இரண்டையும் பிடித்து இழுக்கும்படி வடிவமைக்க முடியும். நீளத்தில்தான் வித்தியாசம் பெரிது. எல்.ஆர். முழுத்தோட்டா 25.4 மி.மீ., மேக்னமும் ஹெச்.எம்.ஆரும் 34 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவே மேகசின் மாற வேண்டும், மேகசின் உட்காரும் இடத்தின் அளவும் மாற வேண்டும். மேக்னத்துக்கும் ஹெச்.எம்.ஆருக்கும் இடையே மாற்றுவதாக இருந்தால் அதுவும் தேவையில்லை. கேஸ் ஒன்றே, நீளமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் குழலை மட்டும் மாற்றினால் போதும்.

இதை நடைமுறையாக்கிய ரகங்களில் அதிகம் பேசப்படுவது செக் நாட்டின் சி.இசட். 455. உஹெர்ஸ்கி ப்ரோட் என்ற ஊரில் 1936-இல் தொடங்கிய ஆலையின் தயாரிப்பு. 2010-இல் வந்தது. அதற்கு முன்பிருந்த 452 நல்ல பெயர் எடுத்த ரைஃபிள், ஆனால் அதில் குழல், போல்ட்டைத் தாங்கும் உடற்பகுதியான ரிசீவருக்குள் நிரந்தரமாகத் திருகப்பட்டிருக்கும். 455-இல் மூன்று தோட்டாக்களுக்கும் ஒரே ரிசீவர். இது வாங்குபவருக்கு வசதி என்பதைப் போலவே தொழிற்சாலைக்கும் வசதி. அடுத்து வந்த 457-உம் இதே வழியில் செய்யப்பட்டதுதான்.

455-இல் குழலை மாற்றும் முறை இது. மேகசினை எடுத்து, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட வேண்டும். அடியில் உள்ள திருகுகளைக் கழற்றி ஸ்டாக்கைப் பிரிக்க வேண்டும். ரிசீவரின் அடிப்பக்கத்தில் குழலை இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள் தெரியும். அறுகோணச் சாவியால் அவற்றைத் தளர்த்தினால் குழல் நேராக உருவி வந்துவிடும். புதிய குழலைத் தோள்பட்டை முட்டும்வரை உள்ளே தள்ளி, இரண்டு திருகுகளையும் மாறி மாறி இறுக்க வேண்டும். மேகசின் உட்காரும் இடத்தின் அளவை மாற்றும் அடாப்டரை வைக்கவோ எடுக்கவோ வேண்டும். மறுபடி ஸ்டாக்கில் பொருத்தி முடிக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் கால் மணி நேர வேலை. லேத் பட்டறையும் வேண்டாம், துப்பாக்கி மெக்கானிக்கும் வேண்டாம்.

மிக்ஸியில் மோட்டார் ஒன்று, ஜார் மூன்று என்று இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஜார் சரியாக உட்கார்ந்தால் மோட்டார் குறை சொல்லாது. குழலிலும் அப்படியே. குழலின் தோள்பட்டை ரிசீவரில் முழுவதும் முட்டி நிற்கிறதா, இடையில் தூசியோ பழைய எண்ணெய்ப் பசையோ இருக்கிறதா, திருகுகள் சமமாக இறுகியிருக்கின்றனவா என்ற மூன்றும் சரியாக இருந்தால் முன்பு சொன்ன விளிம்பு இடைவெளி தானாகவே சரியாக வரும். அறையை வெட்டும்போதே அந்த அளவு குழலில் அமைந்துவிடுகிறது, நாம் கையால் எதையும் அளந்து வைக்க வேண்டியதில்லை.

ஆகவே முதல் சந்தேகத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் ரைஃபிளில், ஒழுங்காகச் செய்யப்பட்ட குழல் மாற்றும் அமைப்பு நம்பகமானது. தோட்டாவை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும் நம் கை. அதன் பலம் எந்தக் குழல் இருந்தாலும் ஒன்றுதான். குரூப்பின் அளவும் கெடுவதில்லை. நல்ல குழல், அதற்குப் பிடித்த தோட்டா, இறுக்கமான திருகு என்ற மூன்றும் இருந்தால், நிரந்தரமாகப் பொருத்திய குழலுக்கு இது சளைத்ததல்ல. இந்த யோசனையே புதிதல்ல. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1914 முதல் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் தயாரான தானியங்கி .22, கையால் திருகி இரண்டாகப் பிரிக்கக்கூடியது. பிரித்துப் பிரித்து மாட்டுவதால் வரும் தளர்வை ஒரு வளையத்தைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளும் வழியும் அதிலேயே இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே பொறியாளர்கள் இந்தத் தேய்மானத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில் கதை வேறு. சிறு ரிம்ஃபயர் ரகங்களில் பெரும்பாலும் புளோபேக் என்ற எளிய முறைதான். சுட்ட தோட்டாவின் வாயு அழுத்தமே காலி கேஸைப் பின்னால் தள்ளும், கேஸ் போல்ட்டைத் தள்ளும். போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான் அதைத் தாமதப்படுத்துகின்றன. இந்த எடையும் பலமும் ஒரு குறிப்பிட்ட தோட்டாவின் அழுத்தத்துக்காகக் கணக்கிடப்பட்டவை. குழலை மாற்றி வேறு தோட்டாவைப் போட்டால் அந்தக் கணக்கு முழுவதும் தவறிவிடும். 1964-இல் வந்த ருகர் 10/22-இல் குழலை ஒரு வி வடிவக் கட்டையும் இரண்டு திருகுகளும்தான் பிடித்திருக்கின்றன. வீட்டு மேசையிலேயே மாற்றிவிடலாம். அமெரிக்காவில் இதற்காகத் தனிக் குழல்கள் செய்யும் ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. ஆனாலும் அங்கே மாற்றப்படுவது பெரும்பாலும் எல்.ஆருக்குப் பதில் இன்னொரு எல்.ஆர். குழல்தான். தடிமனானது, குட்டையானது, எடை குறைந்தது என்று தேர்ந்தெடுப்பார்கள். தோட்டாவை மாற்றுவது அரிது.

அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. .17 ஹெச்.எம்.ஆரின் அழுத்தத்தைச் சாதாரண புளோபேக் முறையில் அடக்குவது கடினம். கேஸ் பின்னால் நகரத் தொடங்கும்போது உள்ளே அழுத்தம் இன்னும் தணியாமல் இருந்தால் மெல்லிய பித்தளை கிழியும். 2009-இல் ரெமிங்டன் தன் 597 ரகத்தின் ஹெச்.எம்.ஆர். துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2015-இல் சாவேஜ் நிறுவனம் ஏ17 ரகத்தைக் கொண்டுவந்தபோது, போல்ட் உடனே பின்னால் போகாதபடி தாமதப்படுத்தும் தனி ஏற்பாட்டைச் செய்யவேண்டி வந்தது. ஆகவே தோட்டா வகையையே மாற்றும் எண்ணம் இருந்தால் கையால் இயக்கும் போல்ட் ரைஃபிளே சரியான தேர்வு.

இனி இரண்டாவது சந்தேகம், நடைமுறைப் பயன். பிரிட்டனில் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் முயல்களிடமிருந்து காக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். இந்த ரைஃபிள்கள் அதிகம் உழைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கொட்டகைப் பக்கம், ஆடு மாடுகள் மிரளாமல் சுட வேண்டுமானால் ஒலிவேகத்துக்குக் கீழே பறக்கும் எல்.ஆர். தோட்டாவும் சத்தம் குறைக்கும் மாடரேட்டரும் போதும். 2.6 கிராம் குண்டு வினாடிக்கு 320 மீட்டர் போல மெதுவாகப் போகும். ஒலிவேகத்தைத் தாண்டினால் வரும் சாட்டையடிச் சத்தம் வராது. முயல் நூறு மீட்டருக்கு அப்பால் திறந்த வெளியில் இருந்தால் அது போதாது. அப்போது ஹெச்.எம்.ஆர். உதவும். 1.1 கிராம் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 777 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒரே மனிதருக்கு இரண்டுமே வேண்டியிருக்கும். ஒரு ரைஃபிளில் இரண்டும் கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும்.

சிக்கல் ஸ்கோப்பில் தொடங்குகிறது. மெதுவான எல்.ஆர். குண்டு சீக்கிரமே கீழே இறங்கிவிடும். ஐம்பது மீட்டருக்கு ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி திருத்திய ஸ்கோப்பில் நூறு மீட்டரைப் பார்த்துச் சுட்டால் குண்டு 20 செ.மீ.க்கும் மேல் தாழ்ந்து படும். ஹெச்.எம்.ஆரை நூறு மீட்டருக்கு ஜீரோ செய்திருந்தால், ஐம்பதில் வரும் வித்தியாசம் ஒரு செ.மீ. அளவிலேயே நிற்கும். ஆகவே இரண்டு குழல்களும் ஒரே திசையை இம்மியும் பிசகாமல் பார்த்தாலும்கூட, ஒரு குழலின் ஜீரோ மற்றதற்குப் பொருந்தாது.

அவை ஒரே திசையைப் பார்ப்பதும் இல்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிசீவருக்குள் குழல் உட்காரும் பகுதி 25 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். மறுபடி மாட்டும்போது அதன் ஒரு முனை ஒரு மி.மீ.இல் இருநூறில் ஒரு பங்கு, அதாவது 0.005 மி.மீ., விலகி உட்கார்கிறது. ஐம்பது மீட்டர் தூரத்தில் அது ஒரு செ.மீ. விலகலாகும். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படலமோ, திருகு இறுக்கத்தில் சிறு வேறுபாடோ, நடுவில் பட வேண்டிய குண்டு அந்த வட்டத்தை விட்டு வெளியே போகப் போதுமானது.

என்.சி.சி. பாடம் இங்கே கைகொடுக்கும். குழலை மாற்றியதும் அட்டையில் ஐந்து துளைகள் பழைய நெருக்கத்திலேயே விழும், ஆனால் வேறோர் இடத்தில் விழும். இதைப் பார்த்துவிட்டு, துல்லியம் போய்விட்டது, இந்த ரைஃபிளே சரியில்லை என்று சொல்பவர்கள் உண்டு. துல்லியம் எங்கும் போகவில்லை. ஜீரோதான் நகர்ந்திருக்கிறது. ஸ்கோப்பைத் திருத்தினால் சரியாகிவிடும். ஆனால் அந்தத் திருத்தத்துக்கு நேரம் வேண்டும், தோட்டா வேண்டும், சுடுவதற்குப் பாதுகாப்பான இடம் வேண்டும்.

இதனால்தான் ஒரு குழல் மாற்றும் ரைஃபிளைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சைட் எதன்மேல் இருக்கிறது என்பது. சி.இசட்.இல் ஸ்கோப் ரிசீவரின் மேல் நிற்கிறது. குழல் போனாலும் ஸ்கோப் அங்கேயே இருக்கும், இரண்டுக்கும் உள்ள உறவு ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்பட வேண்டும். 1967-இல் அமெரிக்காவில் வந்த தாம்சன் சென்டர் கன்டெண்டர் ரகத்தில் சைட்டும் ஸ்கோப்பும் குழலின் மேலேயே பொருத்தப்படும். ஜெர்மனியின் பிளேசர் ஆர்8 ரைஃபிளிலும் ஸ்கோப் மவுண்ட் குழலில்தான் உட்காரும். அங்கே குழலும் கண்ணாடியும் சேர்ந்தே கழன்று சேர்ந்தே மாட்டப்படுவதால் ஜீரோ பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். ஆனால் ஒவ்வொரு குழலுக்கும் தனி ஸ்கோப் வாங்க வேண்டும். ஒரே ஸ்கோப்பை வைத்துக்கொள்பவர் ஒவ்வொரு முறையும் ஜீரோவைச் சரிபார்க்க வேண்டும். இரண்டில் ஒரு செலவைத் தவிர்க்க முடியாது.

ரிசீவரில் ஸ்கோப் உள்ள ரைஃபிளை வைத்திருப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு எளிமையானது. திருகுகளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இறுக்க டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அளவு எவ்வளவு என்பதை அந்த ரைஃபிளின் கையேட்டிலிருந்தே எடுங்கள். ஒரு குழலை ஜீரோ செய்தபின், மற்ற குழலுக்குப் போகும்போது ஸ்கோப்பில் மேலே எத்தனை கிளிக், பக்கவாட்டில் எத்தனை கிளிக் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) நகரும் ஸ்கோப்பில் ஒரு கிளிக் நூறு மீட்டரில் 7 மி.மீ. அளவு நகர்த்தும். எழுதிவைத்த எண் உங்களை இலக்கின் பக்கத்தில் கொண்டுசேர்க்கும். இலக்கின் மேலேயே கொண்டுசேர்க்கும் என்று நம்பி நேராக வேட்டைக்குப் போகாதீர்கள். அட்டையில் சுட்டு உறுதி செய்யாமல் ஒரு உயிரின் மேல் குறிவைப்பது தவறு. காயத்தோடு ஓடி, புதருக்குள் கிடந்து சாகும் முயலுக்குச் செய்யும் கொடுமை அது.

இன்னொரு நுட்பமும் உண்டு. எல்.ஆர். குண்டு பெரும்பாலும் ஈயம், அதன்மேல் மெழுகு அல்லது கிரீஸ் பூசியிருப்பார்கள். குழலின் உள்சுவரில் இந்தப் பூச்சு படிந்து நிதானத்துக்கு வந்தபின்தான் குரூப் இறுகும். சுத்தம் செய்து வைத்திருந்த எல்.ஆர். குழலை மாட்டியவுடன் முதலில் போகும் சில தோட்டாக்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சில தோட்டாக்களைச் செலவழித்துவிட்டுப் பிறகு ஜீரோவைப் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஒரே துப்பாக்கியில் மூன்று வகைத் தோட்டா என்றால் வீட்டிலும் மூன்று வகைப் பெட்டிகள் இருக்கும். .22 எல்.ஆர். தோட்டா .22 மேக்னம் அறைக்குள் நுழையும், ஆனால் அறை அதற்குப் பெரிது. எல்.ஆர். கேஸின் விட்டம் 5.7 மி.மீ., மேக்னத்துக்கு 6.1. சுட்டால் கேஸ் புடைத்துக் கிழியலாம், சூடான வாயு சுடுபவரின் முகத்துக்குத் திரும்பலாம். இரண்டும் .22 என்பதால் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். மேசையில் எப்போதும் ஒரே வகைத் தோட்டா மட்டும் இருக்கட்டும். பொருத்திய குழலில் பொறித்திருக்கும் பெயரைப் படித்துவிட்டு, பெட்டியின் மேல் உள்ள பெயரைப் படியுங்கள். மாட்டியபின் குழலுக்குள் துணியோ கம்பியோ தங்கியிருக்கிறதா என்று பின்னாலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். திருகு இறுகாத குழலுடன் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள். மாடரேட்டரைப் பொறுத்தவரை, .22-க்குச் செய்ததை .17 குழலில் மாட்டலாம். .17-க்கு மட்டும் துளையிட்டதை .22 குழலில் மாட்டக்கூடாது, குண்டு உள்ளே மோதும்.

சட்டமும் நடைமுறைப் பயனைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி. குழல் வெறும் உதிரி பாகம், கூட்டாட்சிச் சட்ட அளவில் அதைத் தனியாக வாங்கத் தடையில்லை. அதே 1968-இல் பிரிட்டனில் வந்த துப்பாக்கிச் சட்டம் குழலையும் துப்பாக்கிக்குச் சமமாக நடத்துகிறது. கூடுதல் குழல் ஒவ்வொன்றும் உரிமத்தில் ஏற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2017-இல் திருத்திய விதிகளில் குழலை இன்றியமையாத பாகங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே குழல் மாற்றும் ரைஃபிள் வாங்கினால் உரிமத் தொல்லை குறையும் என்ற எதிர்பார்ப்பு பிரிட்டனில் அவ்வளவாக நிறைவேறாது. மிச்சமாவது பணமும் பெட்டகத்தில் இடமும்தான். நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் ஆயுதத்தின் பாகங்களை ஆயுதம் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்காக ரைஃபிள் என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை. .22 இங்கே ரேஞ்சில் சுடும் விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் உரியது.

அந்த விளையாட்டில்கூடக் குழல் மாற்றும் அமைப்புக்கு ஒரு நல்ல பயன் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. .22 குழல் பல்லாயிரம் தோட்டாக்கள் தாங்கும். ஆனாலும் தினமும் பயிற்சி செய்பவரின் குழல் ஒருநாள் தேயும். நிரந்தரமாகப் பொருத்திய குழல் என்றால் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். திருகில் நிற்கும் குழல் என்றால் புதிதை வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம். பழகிய ஸ்டாக், பழகிய டிரிக்கர் எதுவும் மாறாது. அடிக்கடி மாற்றுவதற்காக வாங்கும் வசதி, பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதற்குத்தான் மிகவும் பொருத்தமாக இருக்கிறது.

என் முடிவைக் கேட்டால், இப்படிப் பிரித்துச் சொல்வேன். ஒரு பருவம் முழுவதும் ஒரு தோட்டா, அடுத்த பருவத்துக்கு இன்னொன்று என்று சுடுபவருக்கு இந்த ரைஃபிள் சரியான பொருள். வருடத்துக்குச் சில முறை மாற்றி, மாற்றும்போதெல்லாம் அரை நாள் ரேஞ்சில் செலவிட முடிந்தால் அவருக்கு இதில் குறையே இல்லை. இரண்டாவது ரைஃபிளுக்குப் பணமோ இடமோ இல்லாதவருக்கும், டிரிக்கரும் ஸ்டாக்கும் மாறாமல் ஒன்றிலேயே பழக விரும்புபவருக்கும் இது ஏற்றது. எந்தத் தோட்டா தனக்கு ஒத்துவரும் என்று இன்னும் முடிவு செய்யாதவரும் தைரியமாக வாங்கலாம். முதலில் ஒரு குழலோடு வாங்கிச் சுட்டுப் பழகி, தேவை தெளிவான பின் அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே மாலையில் கொட்டகைப் பக்கம் எல்.ஆரும், வயல்வெளியில் ஹெச்.எம்.ஆரும் வேண்டும் என்பவர் இதை வாங்க வேண்டாம். இருட்டில், ஈரத்தில், வண்டியின் பின்பக்கம் சிறு திருகுகளைக் கழற்றி மாட்டி, சரிபார்க்காத ஜீரோவோடு உயிரின்மேல் சுடும் நிலை அவருக்கு வந்துவிடும். இரண்டாவது குழல், அடாப்டர், மேகசின், இரண்டாவது ஸ்கோப், மவுண்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், எளிமையான இரண்டாவது ரைஃபிள் ஒன்றின் விலையை அது நெருங்கவும் கூடும். அந்தப் பணத்துக்கு அந்த ரைஃபிளையே வாங்கி, இரண்டையும் தனித்தனியாக ஜீரோ செய்து வைத்துக்கொள்வது நல்லது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பரிடமோ கிளப்பிலோ இப்படி ஒரு ரைஃபிள் இருந்தால், ஒரே அட்டையில் ஐந்து தோட்டா சுடுங்கள். குழலைக் கழற்றி அதே குழலை மறுபடி மாட்டி இன்னும் ஐந்து சுடுங்கள். இன்னும் இரண்டு முறை இதையே செய்யுங்கள். ஒவ்வொரு குரூப்பும் எவ்வளவு சிறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது குழலின் தரத்தைச் சொல்லும். குரூப்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி விழுந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது அமைப்பின் தரத்தைச் சொல்லும். இந்த இரண்டு அளவும் கையில் இருந்தால், விற்பவர் சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது.